கோப்பு அங்கே, பூட்டு இங்கே

மாசி மாதம் என்றால் கிளிநொச்சிப் பக்கத்து நெல் ஆலைகளுக்கு நித்திரை இல்லை. காலபோக நெல் வயலிலிருந்து நேரே உழவு இயந்திரப் பெட்டிகளில் வந்து வாசலில் வரிசை கட்டி நிற்கும். அப்படியான ஓர் ஆலையிலிருந்து ஒரு நாள் விடியவே தொலைபேசி அழைப்பு. "தம்பி, ஒரே நம்பரில ரெண்டு பில் வந்திருக்கு. ஒண்டு பரந்தன்காரருக்கு, மற்றது தருமபுரத்து ஆளுக்கு. ரெண்டு பேரும் வந்து நிக்கினம்."

போய்ப் பார்த்தேன். வாசலில் தராசுக்குப் பக்கத்தில் ஒரு கணினி, அலுவலக அறையில் ஒன்று, பின்னால் களஞ்சியத்தில் ஒன்று. மூன்றும் எழுதுவது ஒரே ஒரு கோப்பில். அந்தக் கோப்பு இருந்தது ரவுட்டருக்குக் கீழே வைத்திருந்த, இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்ட சின்னச் சேமிப்புப் பெட்டியில். பில் போடும் மென்பொருள் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தைப் பாவிக்கிறது. எழுதிக்கொடுத்த பொடியன் ஒரு கணினிக்கென்றுதான் அதை எழுதியிருந்தான். வேலை பெருத்தபோது யாரோ அந்தக் கோப்பைத் தூக்கிப் பெட்டியில் இருந்த ஷெயார் ஃபோல்டருக்குள் போட்டு, மற்றக் கணினிகளுக்கும் அதே பாதையைக் காட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல வாய் வரவில்லை. நானும் முன்பொரு காலத்தில் அதைத்தான் செய்திருப்பேன்.

இரண்டு வருடம் ஒரு பிழையும் இல்லை. நான் போய் அரை மணித்தியாலம் ஆகவில்லை, களஞ்சியத்துக் கணினியில் 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மல்ஃபோர்ம்ட்' என்று வந்து நின்றது. கோப்பின் உள்ளமைப்பே குலைந்துவிட்டது என்று அர்த்தம்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஏற்பாடு எங்கள் பக்கத்தில் புதினமில்லை. கூட்டுறவுச் சங்கம், மருந்துக்கடை, தனியார் கல்வி நிலையம் என்று இரண்டு மூன்று கணினி உள்ள இடமெல்லாம் கடைசியில் ஒரு ஷெயார் ஃபோல்டரில்தான் வந்து நிற்கும். தனியாக ஒரு சேர்வர் வாங்கக் காசும் இல்லை, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. வேலை செய்கிறதே, பிறகென்ன?

பூட்டு என்ற சொல்தான் முதலில் எங்களை ஏமாற்றுகிறது. கதவுக்குப் போடும் ஆமைப்பூட்டு மாதிரி ஒன்றை மனதில் வைத்துக்கொள்கிறோம். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் கோப்புப் பூட்டு அப்படியானதல்ல; அது பஸ் சீற்றில் போடும் லேஞ்சி. வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளிநொச்சி பஸ் நிலையத்தில் வவுனியா பஸ் வந்து நிற்க முதலே யன்னலால் லேஞ்சி போய்ச் சீற்றில் விழும். அந்தத் துணி யாரையும் கையைப் பிடித்துத் தடுப்பதில்லை. எடுத்துக் கீழே போட்டுவிட்டு இருக்க எவராலும் முடியும். பார்த்தவர்கள் மதிக்கிறார்கள், அவ்வளவுதான். கோப்புப் பூட்டும் அதேதான்: எழுத முன் 'யாராவது லேஞ்சி போட்டிருக்கிறார்களா' என்று கேட்டுப் பார்க்கும் நிரலுக்கு மட்டும் அது பூட்டு. கேட்காமல் எழுதுகிற நிரலை அது மறிக்காது.

ஒரே கணினிக்குள் இந்த முறை நன்றாக ஓடும். லேஞ்சி போடுகிற எல்லாரும் ஒரே பஸ்ஸுக்குள் இருக்கிறார்கள், சீற்றைப் பார்க்கிற கண்ணும் ஒன்று: அந்தக் கணினியின் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கரு. எந்த நிரல் எந்தக் கோப்பின் எந்தப் பகுதியைப் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் அதன் நினைவகத்தில் இருக்கும். நிரல் செத்தால் கெர்னலுக்கு அந்த நொடியே தெரியும், பூட்டை எடுத்துவிடும். பிடித்த ஆள் எங்கே என்று யாரும் தேட வேண்டியதில்லை.

எஸ்கியூலைட் இந்தப் பட்டியலைத்தான் முழுதாக நம்பியிருக்கிறது. 2000இல் ரிச்சர்ட் ஹிப் முதலில் வெளியிட்ட அதன் இன்றைய வடிவம் அப்படித்தான்: தனியாக ஓடும் சேர்வர் எதுவும் கிடையாது, ஒரு கோப்பு, அதைத் திறக்கும் நிரல்கள், அவ்வளவும்தான். யார் எப்போது எழுதலாம் என்பதைத் தீர்ப்பது பூட்டுகள். வாசிக்கிறவர் பகிர்வுப் பூட்டு எடுப்பார். அதைப் பலர் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். எழுத நினைப்பவர் 'நான் எழுதப்போகிறேன்' என்று ஒரு முன்பதிவுப் பூட்டு எடுப்பார். அது ஒருவருக்கு மட்டும். உண்மையில் கோப்பில் கை வைக்கும் நேரம் தனிப்பூட்டு. அப்போது வேறு யாரும் உள்ளே இருக்கக் கூடாது. இந்தப் பூட்டுகள் விழும் இடம்தான் வேடிக்கை. கோப்பின் ஒரு கிகாபைட் தூரத்தில், அதாவது 1,07,37,41,824ஆவது பைட்டிலிருந்து தொடங்கும் ஒரு சின்னத் துண்டின் மேல் அவை போடப்படுகின்றன. கோப்பு 20 மெகாபைட்தான் என்றாலும் அங்கேதான். இல்லாத இடத்தில் பூட்டுப் போட இயங்குதளம் மறுப்பதில்லை. கோப்பு அவ்வளவுக்கு வளர்ந்தாலும் அந்தப் பக்கத்தில் எஸ்கியூலைட் தரவு எதையும் வைக்காது. வெற்றுக் காணியில் லேஞ்சி போட்ட கணக்கு.

பூட்டு பொய்த்தால் என்ன நடக்கும்? பில் எண் இரட்டிப்பது அதில் சின்னச் சேதம். 'கடைசி எண் 4117, அடுத்தது 4118' என்று இரண்டு கணினியும் ஒரே நேரத்தில் வாசித்து, இரண்டும் 4118 போடுகின்றன. அதைப் பேனையால் திருத்தலாம். பெரிய சேதம் கோப்பின் அடியில் நடக்கிறது. எஸ்கியூலைட் கோப்பைப் பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கும். புதிதாக ஒரு பக்கம் தேவைப்பட்டால் வெறுமையாக இருக்கும் பக்கங்களின் பட்டியலிலிருந்து ஒன்றை எடுக்கும். இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் எடுத்தால், ஒரே பக்கம் ஒருவருக்கு நெல் கொள்வனவு அட்டவணையாகவும் மற்றவருக்கு மூடைக் கணக்காகவும் போய்விடும். அன்று நான் கோப்பைச் சோதித்தபோது வந்த வரிகளில் பாதி இதைத்தான் சொல்லின: இன்ன பக்கத்துக்கு இரண்டாவது உரிமையாளர் இருக்கிறார். காணி உறுதி இரட்டிப்பது பற்றி எங்கள் சனத்துக்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. எழுதத் தொடங்குமுன் எஸ்கியூலைட் பழைய பக்கங்களைப் பக்கத்தில் ஒரு ஜேர்னல் கோப்பில் படியெடுத்து வைக்கும். நடுவில் மின்சாரம் போனால், அடுத்து திறப்பவர் அந்த ஜேர்னலைப் பார்த்துப் பழைய நிலைக்குத் திருப்புவார். அருமையான ஏற்பாடு. ஆனால் திறப்பவருக்கு எப்படித் தெரியும், இந்த ஜேர்னல் செத்துப்போனவருடையதா, இப்போது உயிரோடு எழுதிக்கொண்டிருப்பவருடையதா? ஒரே ஓர் அடையாளம்தான்: முன்பதிவுப் பூட்டு இருக்கிறதா, இல்லையா. பூட்டு இல்லை என்றால் எழுதியவர் செத்துவிட்டார் என்று முடிவு. இப்போது அலுவலகக் கணினி எழுதிக்கொண்டிருக்கிறது. அதன் பூட்டு தராசடிக் கணினிக்குத் தெரியவில்லை. தராசடிக் கணினி ஜேர்னலைக் காண்கிறது. 'ஐயோ, பாவம், யாரோ இடையில் போய்விட்டார்' என்று நினைத்து, மற்றவர் எழுத எழுத அடியிலிருந்து பழையதை எழுதிக்கொண்டு வருகிறது. உயிரோடு இருப்பவருக்கு அந்திரட்டி செய்வதுபோல. நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் நாசம் இது.

சரி, பூட்டு ஏன் மற்றக் கணினிக்குத் தெரியவில்லை?

தராசடிக் கணினி அந்தத் தை மாதம்தான் மாற்றப்பட்டிருந்தது. பழைய விண்டோஸ் கணினி இழுபட்டுக்கொண்டிருந்ததால் அதில் லினக்ஸ் போட்டிருந்தார்கள். மற்ற இரண்டும் விண்டோஸ் வழமைப்படி எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறை வழியாகச் சேமிப்புப் பெட்டிக்குப் போயின. இது மட்டும் யுனிக்ஸ் பக்கத்தில் அதே வேலையைச் செய்யும் என்எஃப்எஸ் வழியாகப் போனது. இணைப்பு வரியைத் திறந்து பார்த்தேன், அதில் ஒரு சொல்: 'நோலொக்'. பூட்டுக் கேட்டால் பெட்டிக்குச் சொல்லாதே, உனக்குள்ளேயே வைத்துக்கொள் என்று பொருள். தராசடிக் கணினி ஒவ்வொரு பில்லுக்கும் ஒழுங்காகப் பூட்டு எடுத்தது, ஒழுங்காக விட்டது. ஆனால் அந்த லேஞ்சியைத் தன் சொந்த வீட்டுக் கதிரையில் போட்டுவிட்டு, பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டேன் என்று இருந்தது.

அந்தச் சொல்லை ஏன் போட்டார்கள் என்பது எனக்கு விளங்கும். அது இல்லாவிட்டால் மென்பொருள் தொடங்கும்போதே தொங்கிப்போய் நிற்கும். அதற்குக் காரணம் என்எஃப்எஸ்ஸின் பிறப்பிலேயே இருக்கிறது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984இல் என்எஃப்எஸ்ஸை உருவாக்கியபோது வேண்டுமென்றே சேர்வருக்கு ஞாபகம் வைக்கவில்லை. 'இந்தக் கோப்பின் இன்ன இடத்திலிருந்து இவ்வளவு தா' என்று ஒவ்வொரு கேள்வியும் தனியே முழுமையாக வரும். சேர்வர் பதில் சொல்லிவிட்டு மறந்துவிடும். யார் கோப்பைத் திறந்திருக்கிறார்கள் என்றுகூட அதற்குத் தெரியாது. இதனால் சேர்வர் விழுந்து எழும்பினாலும் கேட்கிறவர் திரும்பக் கேட்டால் போதும். கெட்டிக்கார யோசனைதான். ஆனால் பூட்டு என்பதே ஞாபகம். மறதியையே கொள்கையாக வைத்தவரிடம் போய் 'இது என்னுடையது, நினைவில் வைத்துக்கொள்' என்று எப்படிச் சொல்வது? ஆகவே பூட்டுக்கென்று பக்கத்தில் இன்னொரு நெறிமுறையை ஒட்டவைத்தார்கள். ஒரு சேவை பூட்டுகளைக் குறித்து வைத்திருக்கும். இன்னொரு சேவை யார் விழுந்து எழும்பினார்கள் என்று ஆளுக்காள் செய்தி சொல்லும். 1995இல் வந்த 3ஆம் பதிப்பிலும் இதே ஒட்டுவேலைதான்.

அந்த இரண்டும் தனித்தனி வாசல்களால் பேசும். நடுவில் ஒரு ஃபயர்வோல் ஒரு வாசலை மறித்தால் கோப்பு வாசிக்கும், எழுதும். பூட்டு மட்டும் பதில் வராமல் தொங்கும். பூட்டை வைத்திருந்த கணினி எரிந்துபோய்த் திரும்பி வராவிட்டால், 'நான் எழும்பிவிட்டேன்' என்று சொல்ல ஆளில்லை. பூட்டு யாராவது போய்க் கையால் எடுக்கும் வரைக்கும் கிடக்கும். இப்படித் தொங்கித் தொங்கி அலுத்த ஒருவர்தான் 'நோலொக்' போடுவார். போட்டவுடன் எல்லாம் சறுக்கிக்கொண்டு ஓடும். நோய்க்கு மருந்து கொடுக்காமல் வலியை மட்டும் எடுத்துவிட்ட மாதிரி.

4ஆம் பதிப்பு பூட்டை நெறிமுறைக்குள்ளேயே கொண்டுவந்தது. 2000இல் முதல் வடிவமும் 2003இல் திருத்திய வடிவமும் வந்தன. சேர்வருக்கு இப்போது ஞாபகம் உண்டு. ஆனால் அந்த ஞாபகம் தவணைக்கு. பூட்டு உனக்கு, ஆனால் இடைக்கிடை 'நான் இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். லினக்ஸ் சேர்வரில் இந்தத் தவணை வழக்கமாக 90 நொடி. அதற்குள் சத்தம் இல்லையென்றால் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.

இரணைமடுவின் கீழ் சிறுபோகம் செய்த எவருக்கும் இது விளங்கும். வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து விடுவார்கள். இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை உன் வயல். நீ வரவில்லை என்றால் அடுத்தவர் வாய்க்காலைத் தன் பக்கம் திருப்பிவிடுவார், அதில் பிழையில்லை. பிழை எங்கே வரும் என்றால், நீ கொட்டிலில் நித்திரையாகி, எழும்பி, உன் முறை போய்விட்டது என்று தெரியாமல் இருட்டில் போய் மறுபடி வெட்டிவிடுவதில். அந்தக் காலத்தில் அதைப் பார்க்க வட்டவிதானையார் இருந்தார். என்எஃப்எஸ்ஸில் நீண்ட காலம் யாரும் இருக்கவில்லை. லினக்ஸ் கெர்னல் 3.12க்கு முன், தொடர்பு 90 நொடிக்கு மேல் அறுந்த ஒரு கணினி தன் பூட்டை இழந்து, திரும்பப் பெற்று, இடையில் இழந்ததே தெரியாமல் எழுதிக்கொண்டிருக்க வாய்ப்பு இருந்தது. 2013இல் வந்த 3.12 முதல், பூட்டை இழந்த நிரல் எழுதப் போனால் பிழை கொடுத்துவிடும். கோப்பை மூடித் திரும்பத் திறந்தால்தான் வழி. இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தப் பிழையைப் பக்குவமாகக் கையாளும் பில் மென்பொருள் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

90 நொடி என்பது காகிதத்தில் நீண்ட நேரம். மழைக்காலத்தில் மின்சாரம் போய், ரவுட்டர் அணைந்து, ஜெனரேற்றர் போட ஆள் ஓடி, அது இரண்டு தரம் இழுத்து மூன்றாவது தரம் பற்றி, ரவுட்டர் திரும்பி எழும்பும் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். கணினிக்கு யூபிஎஸ் இருக்கும், ரவுட்டருக்கு இருக்காது. கணினி உயிரோடு, நடுவில் உள்ள வழி மட்டும் செத்து: பூட்டு நெறிமுறைகளுக்குப் பிடிக்காத நிலைமையே இதுதான். மின்சாரத்தால் இன்னொரு வினையும் உண்டு. சில சேமிப்புப் பெட்டிகளில் வேகத்துக்காக, டிஸ்கில் எழுத முன்னமே 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும் ஒரு தெரிவு போடப்பட்டிருக்கும். அதன் பெயர் 'அசிங்க்'. எங்கள் காதில் விழுகிற பொருளிலேயே எடுத்துக்கொள்ளலாம். ஜேர்னல் டிஸ்கில் பத்திரமாக இறங்கிய பிறகுதான் கோப்பைத் தொடுவேன் என்ற எஸ்கியூலைட்டின் விரதத்தை அது ஒரே நொடியில் முறித்துவிடும்.

பூட்டு எல்லாம் சரியாக ஓடினாலும் இன்னொரு பக்கம் மிச்சம் இருக்கிறது: பழைய படி. ஒவ்வொரு தரமும் வலையமைப்பால் போய் வாசித்தால் ஆமை வேகம். ஆகவே என்எஃப்எஸ் வாடிக்கைக் கணினி வாசித்ததைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். கோப்பு மாறிவிட்டதா என்று லினக்ஸ் கேட்டுப் பார்ப்பது வழக்கமாக 3 முதல் 60 நொடிக்கு ஒருமுறை. கோப்பை மூடும்போது எழுதியது சேர்வருக்குப் போய்விடும், திறக்கும்போது புதியது வரும் என்பதுதான் என்எஃப்எஸ் தரும் வாக்கு. கட்டுரை எழுதிச் சேமிக்கும் ஒருவருக்கு இது போதும். தரவுத்தளம் கோப்பைக் காலையில் திறந்து இரவில்தான் மூடும். பூட்டு எடுக்கும்போது லினக்ஸ் பழைய படியைச் சரிபார்த்துப் புதுப்பிக்கும் என்பது உண்மை. அது சேர்வரிடம் போய் எடுக்கும் உண்மையான பூட்டாக இருந்தால்தான். எஸ்கியூலைட் கோப்பின் தலைப்பகுதியில் 24ஆவது பைட்டில் ஒரு மாற்ற எண் வைத்திருக்கிறது. யாராவது எழுதினால் அது ஏறும். அந்த எண்ணின் பழைய படியைப் பார்த்தால் 'ஒன்றும் மாறவில்லை' என்று தன் பழைய பக்கங்களை நம்பி மேலே எழுதத் தொடங்கிவிடும்.

வேகமாக ஓட 2010இல் எஸ்கியூலைட் 3.7.0இல் வந்த, மாற்றங்களை முதலில் வேறொரு கோப்பில் எழுதிவைக்கும் வால் (WAL) என்ற முறையைச் சிலர் இங்கே மருந்தாகச் சொல்வார்கள். இந்த இடத்தில் அது மருந்தில்லை. அந்த முறையில் நிரல்கள் ஒரு துண்டு நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு கணினிகளின் நினைவகம் ஒன்றாக முடியாது. எல்லா நிரல்களும் ஒரே கணினியில் இருக்க வேண்டும் என்று எஸ்கியூலைட்டின் ஆவணமே நேராகச் சொல்கிறது.

விண்டோஸ் பக்கத்தில் கதை வேறு, முடிவு அதே. எஸ்எம்பியில் பூட்டு லேஞ்சி அல்ல, உண்மையான பூட்டு, சேர்வர் மறித்துவிடும். ஆனால் வேகத்துக்காக அதற்குள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு: கோப்பை நீ மட்டும்தான் பாவிக்கிறாய் என்றால் உன்னிடமே வைத்து எழுது, வேறொருவர் வந்தால் கூப்பிடுகிறேன், அப்போது கொடு. அந்தக் கூப்பாடும் பதிலும் பிந்தினால் அல்லது தவறினால் சிக்கல். மைக்ரோசொஃப்ட் அக்சஸ் பாவித்தவர்களுக்கு இது பழைய தலையிடி. 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1803 பதிப்புக்குப் பிறகு ஷெயாரில் இருந்த அக்சஸ் கோப்புகள் குலைந்துபோவதாக முறைப்பாடு வரத் தொடங்கியது. கோப்பைப் பகிரும் கணினியில் இந்த ஏற்பாட்டை நிறுத்திவிடும்படி மைக்ரோசொஃப்ட்டே வழி சொல்லியது. தன்னுடைய இயங்குதளம், தன்னுடைய நெறிமுறை, தன்னுடைய தரவுத்தளம். மூன்றையும் வைத்திருப்பவருக்கே இந்தக் கதி.

கூகுள் டிரைவில் கோப்பை வைத்து இரண்டு இடத்தில் திறப்பவர்களைப் பற்றி இங்கே பேசவே இல்லை. அதில் பூட்டு என்ற பேச்சே கிடையாது, படிகள் ஒன்றையொன்று துரத்துகின்றன.

இவ்வளவையும் வாசித்துவிட்டு என்எஃப்எஸ் என்றாலே ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் ஆரக்கிள் தரவுத்தளத்தை என்எஃப்எஸ் மேல் வருடக்கணக்கில் ஓட்டுகின்றன. ஆரக்கிள் தன் 11ஜி பதிப்பில் அதற்கென்று சொந்த என்எஃப்எஸ் வாடிக்கை நிரலையே எழுதிச் சேர்த்தது. தனிச் சேர்வராக ஓடும் இன்னொரு தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்ஸும் தன் தரவை என்எஃப்எஸ்ஸில் வைக்க அனுமதிக்கிறது. இணைப்பு அறுந்தால் பிழை கொடுத்துவிட்டு ஓடாமல் காத்து நிற்கும் 'ஹார்ட்' முறையில் இணைக்கச் சொல்கிறது. வித்தியாசம் இதுதான்: அங்கே அந்தத் தரவுக் கோப்புகளைத் தொடுவது ஒரே ஒரு போஸ்ட்கிரெஸ் சேர்வர். பூட்டுகள் அதன் நினைவகத்துக்குள் இருக்கின்றன. வலையமைப்பால் போய்வருவது டிஸ்க் வேலை மட்டும். அதே கோப்புறையை இரண்டு கணினிகளில் இருந்து இரண்டு போஸ்ட்கிரெஸ் திறந்தால் அதுவும் நாசம்தான். தான் ஓடுவதற்கு அடையாளமாக அது கோப்புறைக்குள் தன் செயல் எண்ணை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். அடுத்து தொடங்குபவர் அந்த எண்ணில் யாராவது உயிரோடு இருக்கிறார்களா என்று பார்ப்பார். வேறு கணினியில் நின்று பார்த்தால், பக்கத்து ஊரின் வீட்டு இலக்கத்தை வைத்து எங்கள் ஒழுங்கையில் ஆள் தேடின கதைதான்.

ஆலைக்கு வருகிறேன். அன்று செய்த முதல் வேலை மூன்று கணினியிலும் மென்பொருளை மூடியது. பிறகு கோப்பையும் ஜேர்னலையும் சேர்த்து அப்படியே ஒரு படி எடுத்தேன். ஜேர்னலை 'தேவையில்லாத கோப்பு' என்று அழிக்கிறவர்கள் உண்டு. அதை அழித்தால் மீட்கக்கூடியதும் மீளாது. எஸ்கியூலைட்டின் கட்டளைக் கருவியில் உள்ள 'ரிக்கவர்' மூலம் பெரும்பாலான வரிசைகள் வந்தன. வராததைத் தராசடியில் கம்பியில் குத்தி வைத்திருந்த நிறுவைத் துண்டுகளில் இருந்து அலுவலகத்துத் தங்கச்சி இரண்டு நாளாக உட்கார்ந்து தட்டினாள். அந்தக் கம்பியை முதலாளி முந்தின வருடமே எறியச் சொன்னவராம்.

அடுத்து, எவருக்கும் செய்துபார்க்கக்கூடிய ஒரு சோதனை. தராசடிக் கணினியில் கட்டளைக் கருவியால் ஒரு வெற்றுச் சோதனைக் கோப்பைப் பெட்டியில் திறந்து, 'பிகின் இமீடியேட்' என்று தட்டிவிட்டு அப்படியே விட்டேன். அது முன்பதிவுப் பூட்டை எடுத்து வைத்திருக்கும். பிறகு அலுவலகத்துக்கு நடந்துபோய் அதே கோப்பில் அதே வரியைத் தட்டினேன். பூட்டு வேலை செய்தால் 'டேட்டாபேஸ் இஸ் லொக்ட்' என்று திட்டு விழ வேண்டும். ஒரு திட்டும் இல்லை, மௌனமாக ஏற்றுக்கொண்டது. முதலாளி எட்டிப் பார்த்து, "பிழை ஒண்டும் வரேல்லையே தம்பி, நல்லதுதானே?" என்றார். "இந்த இடத்தில பிழை வரோணும் ஐயா" என்றேன். அவருக்கு அது திருப்தியாக இருக்கவில்லை.

'நோலொக்'கை எடுத்துவிட்டு, 4ஆம் பதிப்பில் இணைத்து, சோதனை தேறியவுடன் விட்டுவிட்டு வந்திருக்கலாம். பெட்டிக்குள் எஸ்எம்பி பூட்டும் என்எஃப்எஸ் பூட்டும் ஒன்றையொன்று மதிக்கின்றனவா என்பது அதன் அமைப்பைப் பொறுத்தது. பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கும் ஒரு நாளில் அது மாறலாம். எனக்கு மனம் வரவில்லை. களஞ்சியத்துக் கணினி பழையது என்றாலும் நல்ல நிலையில் இருந்தது. அதில் போஸ்ட்கிரெஸ் போட்டு, அதன் சொந்த டிஸ்கில் தரவை வைத்து, பொடியனைக் கொண்டு மென்பொருளில் இணைப்புப் பகுதியை மாற்றுவித்தோம். இப்போது தராசடியிலிருந்து கோப்பின் பைட்டுகள் போவதில்லை. 'இந்தப் பில்லைப் பதி' என்ற கேள்விதான் போகிறது. இணைப்பு இடையில் அறுந்தால் அரைகுறையாகப் போனதைச் சேர்வர் தானே கழித்துவிடும். அவர்களுக்கு மூன்று நாள் வேலை கெட்டது, அறுவடைக் காலத்தில் மூன்று நாள் என்பது சின்ன விஷயமல்ல.

எல்லாருக்கும் போஸ்ட்கிரெஸ் தேவையென்று சொல்லமாட்டேன். நாளைக்கு முப்பது பில் போடும் மருந்துக்கடைக்கு ஒரே கணினியில் எஸ்கியூலைட் தாராளம். மற்றவர் உலாவி வழியாக அந்தக் கணினியில் ஓடும் மென்பொருளைப் பாவிக்கட்டும். கோப்பை ஒரு கணினிதான் தொட வேண்டும், அதுதான் கணக்கு.

சேமிப்புப் பெட்டியை எறியவில்லை. இரவு ஒன்பது மணிக்குப் போஸ்ட்கிரெஸ்ஸிலிருந்து எடுக்கும் காப்புப் படி அதற்குள் போய் விழுகிறது. பழைய எஸ்கியூலைட்டை வைத்திருப்பவர்கள் ஓடிக்கொண்டிருக்கும் கோப்பை அப்படியே படியெடுக்காமல், 2019 முதல் அதில் இருக்கும் 'வெக்யூம் இன்ரு' கட்டளையால் எடுக்கலாம். அரைவாசியில் எழுதப்பட்ட பக்கம் படிக்குள் வராது. ரவுட்டருக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கச் சொன்னேன், வாங்கினார்கள். நிறுவைத் துண்டு குத்தும் கம்பி தராசடியில் இன்னும் நிற்கிறது.